காக்கிச் சட்டையும் கலாசாலைப் பட்டமும்

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்து நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக மஞ்சள் விலையைப் பற்றிப் புலம்புவது அவர் வழக்கம். அன்று ஒன்றும் பேசாமல் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன விசேஷம்?" என்று நாமே கேட்க வேண்டியதாயிற்று.

"ஒண்ணுமில்லீங்க. நம்ம பெரிய புள்ளை கோயமுத்தூர்க் காலேஜிலே பட்டம் வாங்கிட்டாளுங்க. இப்போ சப் இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதறேன்னு ஒத்தைக் கால்லே நிக்கிறாளுங்க. பொட்டப் புள்ளையைப் போயிப் போலீசுக்கு அனுப்பறதுங்களா? ஊர்லே நாலு பேரு என்ன பேசுவாங்க? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றார்.

"வேண்டாம்" என்ற ஒரு சொல்லை நம் வாயால் கேட்டுக்கொண்டு நிம்மதியாக ஊர் திரும்ப வேண்டும் என்பதே அவர் எண்ணம் என்று அவர் முகமே சொல்லிற்று. அந்தச் சொல் நம் நாவில் எழவில்லை. "போகட்டும்" என்று சொல்லவும் உடனே துணிவு பிறக்கவில்லை. "யோசித்து எழுதுகிறோம்" என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தோம். அந்த யோசனையின் பலனை நேயர்களும் அறிந்துகொள்ளலாம். ஏனெனில், இதே கேள்வி இன்று கொங்கு நாட்டில் எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிக்கொண்டிருக்கிறது.

* * *

நண்பருடைய தயக்கத்தை நாம் பரிகசிக்க மாட்டோம். நம் குடும்பங்களில் போலீஸ் என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே உபயோகந்தான் இருந்து வந்திருக்கிறது. குழந்தை சோறு உண்ண மறுத்தால், "அதோ, போலீஸ்காரன் வருகிறான்!" என்போம். குழந்தை உடனே வாயைத் திறக்கும்.

அந்தப் பயம் காரணமின்றி வந்ததன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தது கோயமுத்தூர்ச் சிறையிலேதான். 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 10-ந் தேதி திருப்பூர் வீதியில் கொடி பிடித்துச் சென்ற குமரன், தடியடி பட்டு விழுந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். சென்னிமலையில் பிறந்த அந்த இளைஞருக்கு அப்போது வயது 27. விழுந்தபோதும் அவர் கை கொடியை விடவில்லை என்பதை நாம் ஒவ்வோர் ஆண்டும் நினைவு கூர்கிறோம். ஆனால் அந்தத் தடியைப் பிடித்திருந்த கைகளைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. கடல் கடந்து வந்து தடி பிடித்தவர்கள் சிலரே. சென்னை ராஜதானியில் சிவப்புத் தலைப்பாகை கட்டி வரிசையில் நின்ற கான்ஸ்டேபிள்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். இந்த மொழியைப் பேசியவர்கள். உத்தரவும் சம்பளமும் அந்நிய ராஜாங்கத்துடையவை. கை மாத்திரம் நம்முடையது.

ஆகவே போலீஸ்காரர் நம்மவரா, அந்நியரா என்று கேட்பது மாத்திரம் போதாது. நம்மவரிலே யார் அந்த உடுப்பை அணிகிறார்கள், அணிவதற்கு முன் அவர்களுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது, அணிந்த பிறகு அவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுமுன் பழைய சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். 1855-ல் சென்னை ராஜதானியில் ஒரு விசாரணைக் கமிஷன் அறிக்கை சமர்ப்பித்தது. வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் கீழ்த்தர உத்தியோகஸ்தர்கள் குடியானவர்களைச் சித்திரவதை செய்தது உண்மையே என்று அந்த அறிக்கை கண்டது. வரி வசூல் செய்கிறவனும் போலீஸ்காரனும் ஒருவனாகவே இருந்த காலம் அது. 1859-ல் வந்த சட்டம் இரண்டையும் பிரித்துத் தனிப் போலீஸ் இலாகாவை ஏற்படுத்திற்று. இலாகா புதிதாயிற்றே தவிர, பழைய வழக்கங்கள் எளிதில் போய்விடவில்லை. கர்ஸன் பிரபு காலத்தில், 1902-ல், ஸர் ஆண்ட்ரூ பிரேஸர் தலைமையில் மற்றொரு கமிஷன் தேசமெங்கும் சுற்றியது. போலீஸ் இலாகாவில் பயிற்சியும் போதவில்லை, நாணயமும் போதவில்லை, ஜனங்களுக்கு அதனிடம் நம்பிக்கையும் இல்லை என்று அந்தக் கமிஷன் ஒளிவு மறைவின்றி எழுதிற்று.

அதற்குப் பரிகாரமாக அந்தக் கமிஷன் சொன்ன யோசனைகளில் முக்கியமானது, சப் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் படித்தவர்களை நேராகத் தேர்ந்தெடுத்துப் பள்ளியில் வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதாகும். படித்தவரைப் போலீஸுக்குக் கொண்டு வரும் முயற்சிக்கு இவ்வாறு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. அதே யோசனையில் ஒரு குறையும் ஒட்டிக்கொண்டிருந்தது. கான்ஸ்டேபிளுக்கு யந்திரம் போன்ற வேலைகளை மாத்திரம் கொடுக்க வேண்டும், புத்தியை உபயோகிக்க வேண்டிய காரியத்தை அவரிடம் விடலாகாது என்றும் அந்தக் கமிஷன் கருதிற்று. மேலே மூளை, கீழே தடி என்று ஓர் இலாகாவை இரண்டாகப் பிளந்த கணக்கு இது. இந்தப் பிளவின் பலனை இன்னும் அனுபவித்து வருகிறோம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

* * *

இன்று தமிழ்நாட்டுப் போலீஸுக்குள் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். சப் இன்ஸ்பெக்டருக்குப் பட்டம் வேண்டும். துணை சூப்பரிண்டெண்டு பதவிக்குப் பப்ளிக் ஸர்வீஸ் கமிஷனின் முதல் தொகுதிப் பரீட்சை, ஐ. பி. எஸ். பதவிக்கு அகில இந்தியப் பரீட்சை. முதல் இரண்டு வாசல்களுக்கும் காவலாக நிற்பது 1991-ல் ஏற்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம்.

பரீட்சைக் காலம் நெருங்கும்போது கோயமுத்தூரில் விடியற்காலையில் எழுந்து மைதானங்களின் பக்கம் சென்று பார்த்தால் இந்தக் குழுமத்தின் மகிமை தெரியும். புருஷர்கள் 1500 மீட்டர் தூரத்தை ஏழு நிமிஷத்திலும், ஸ்திரீகள் 400 மீட்டர் தூரத்தை இரண்டரை நிமிஷத்திலும் ஓடி முடிக்க வேண்டும் என்பது விதி. அதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும் கூட்டத்தில் நூற்பாலைத் தொழிலாளியின் மகன் இருக்கிறான்; தோட்டத்து வேலைக்காரியின் மகள் இருக்கிறாள்; இஞ்சினீரிங் பட்டம் பெற்று வேலை கிடைக்காமல் வந்தவர்களும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாத்திரம் போதுமான வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பம் போடுவது இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. இலவசமாக வகுப்பு நடத்தும் ஜில்லா வேலை வாய்ப்பு அலுவலகங்களில் கேட்டால் இதன் உண்மையை அறியலாம்.

ஓடுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்கள் அல்ல என்பதையும் சர்க்கார் கவனித்திருக்கிறது. தமிழ்நாட்டில் உத்தியோகங்களில் 69 சதவீதம் ஒதுக்கீடு. அதில் பிற்பட்டோருக்கு 26.5, பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் வகுப்பினருக்கு 15, அருந்ததியருக்குத் தனியாக 3, மலைவாழ் மக்களுக்கு 1. இந்தக் கணக்கை வெறும் எண்களாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. சீர்மரபினர் என்பவர்கள் யார்? 1911-க்குப் பிறகு சென்னை ராஜதானியில் அமலுக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி, பிறந்த குலத்தின் காரணமாகவே கைரேகை பதிவு செய்யப்பட்டு, இரவில் போலீஸாரிடம் ஆஜர் சொல்ல வேண்டியிருந்தவர்களின் சந்ததியார். 1947-ல் அந்தச் சட்டம் இந்த மாகாணத்தில் ரத்தாயிற்று. பாட்டன் ஸ்டேஷன் வாசலில் கைகட்டி நின்றான். பேத்தி அதே ஸ்டேஷனில் புகார் எழுதுகிற நாற்காலியில் உட்காரலாம். சுயராஜ்யத்துக்கு இதைவிட எளிய விளக்கம் நமக்குத் தெரியாது.

அருந்ததியர் விஷயம் கொங்கு நாட்டுக்கு மிகவும் நெருங்கியது. தோலைப் பதமாக்கிக் கிணற்றுக் கவலைக்குப் பறி தைத்தவர்களும், பண்ணையத்தில் உழைத்தவர்களும், நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்தவர்களும் அவர்களே. பட்டியல் வகுப்பினருக்குள்ளும் பின்தங்கி நின்ற அவர்களுக்கு 2009-ல் தனிப் பங்கு கிடைத்தது. அது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்தது. ஒரு கிராமத்தில் டீக்கடைத் தம்ளர் விஷயமாகத் தகராறு வந்து, அருந்ததியர் ஒருவர் புகார் கொடுக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனில் இருப்பவர் யாருமே தம்முடைய வாழ்நாளில் அந்தத் தம்ளரைக் கையில் வாங்க நேராதவர்களாக இருந்தால், "இதெல்லாம் ஒரு கேஸா?" என்ற கேள்வி இயல்பாகவே எழும். வாங்க நேர்ந்தவர் ஒருவர் அங்கே இருந்தால், அந்தக் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும்.

* * *

இவ்வளவு சொன்னவுடன், "ஆகவே படித்தவரையும் பல வகுப்பாரையும் சேர்த்துவிட்டால் போலீஸ் திருந்திவிடும்" என்று முடித்துவிடலாமா? கூடாது. கொங்கு நாட்டின் வடக்கு எல்லையில் இருக்கும் தருமபுரி ஜில்லாவுக்கு நேயர்களைச் சற்று அழைத்துச் செல்ல விரும்புகிறோம். நம்பிக்கை கொள்வதற்கும் எச்சரிக்கை அடைவதற்கும் வேண்டிய சான்றுகள் அந்த ஒரு ஜில்லாவிலேயே இருக்கின்றன.

திலகவதி அம்மையார் தருமபுரியில் பிறந்தவர். 1976-ல் ஐ. பி. எஸ். பணியில் சேர்ந்தார். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பணிக்குச் சென்ற முதல் பெண்மணி அவரே. டைரக்டர் ஜெனரல் பதவி வரையில் உயர்ந்தார். கட்டடத் தொழிலாளரின் வாழ்க்கையைச் சொல்லும் 'கல்மரம்' என்னும் அவருடைய நாவலுக்கு 2005-ல் சாகித்ய அகாதமிப் பரிசு கிடைத்தது. அவர் பணியில் சேர்வதற்கு மூன்றாண்டு முன்புதான், 1973-ல், தமிழ்நாட்டுப் போலீஸில் முதன் முதலாகப் பெண்களைச் சேர்த்தார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் போலீஸ் ஸ்டேஷன் திறக்கப்பட்டது. மகளிர் போலீஸுக்கு 2023-ல் பொன் விழாவும் நடந்தேறியது.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினியின் கதையும் தருமபுரியிலேயே வந்து சேர்கிறது. கம்ப்யூட்டர்ப் படிப்பில் பட்டம் பெற்ற இந்தத் திருநங்கை, சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டார். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்த படிவத்தில் அவருக்கு இடம் இல்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது. அவர் ஐகோர்ட்டுக்குச் சென்றார். 2015 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு, அவரைப் பணிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், இனி வரும் தேர்வுகளில் மூன்றாம் பாலினத்தாருக்கு இடம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பயிற்சி முடித்து 2017-ல் அவர் தருமபுரி ஜில்லாவில் சப் இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றார். திருநங்கைகளை வீதியில் விரட்டுவதே போலீஸ்காரரின் வேலை என்று எண்ணியிருந்தவர்கள், அவர் போலீஸ் உடுப்பில் வந்தபோது எழுந்து நிற்க வேண்டியதாயிற்று.

இனி எச்சரிக்கை. அதே தருமபுரி ஜில்லாவில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு மலைவாழ் மக்களின் கிராமம் இருக்கிறது. 1992-ஆம் வருஷம் ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும், போலீஸாரும், ரெவினியூ உத்தியோகஸ்தர்களும் கூட்டமாக அந்தக் கிராமத்தில் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், ஆண் பெண் அனைவரையும் அடித்தார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 108 பேர் போலீஸார். தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆயின. 2011 செப்டம்பரில் தருமபுரி கோர்ட்டு, அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. 2023 செப்டம்பரில் ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது.

அந்த 215 பேரில் இந்திய வனப் பணியைச் சேர்ந்த உயர் அதிகாரிகள் நால்வரும் இருந்தார்கள். அவர்கள் பட்டதாரிகள், அகில இந்தியப் பரீட்சையில் தேறியவர்கள். தேசத்திலேயே சிறந்த பயிற்சிப் பள்ளிகளில் ஒன்றிலிருந்து வந்தவர்கள். படிப்பு அவர்களைத் தடுக்கவில்லை. கீழே இருந்த கான்ஸ்டேபிள்களும் கார்டுகளும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்திருக்க வேண்டும். ஏழ்மையும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆகவே பட்டமும் பிறப்பும் ஒரு மனிதரை ஸ்டேஷன் வாசல் வரையில் கொண்டு வந்து விடுமே தவிர, உள்ளே அவர் எப்படி நடப்பார் என்பதற்கு ஜாமீன் ஆகமாட்டா. ஆள் எடுப்பது பாதிக் காரியம். ஆளை ஆக்குவது மற்றப் பாதி.

* * *

ஆளை ஆக்கும் இடங்கள் எவை? சப் இன்ஸ்பெக்டர்களுக்கு வண்டலூருக்கு அருகே ஊனமாஞ்சேரியில் காவல் உயர் பயிற்சியகம் இருக்கிறது. கான்ஸ்டேபிள்களுக்குக் கோயமுத்தூர் அவிநாசி சாலையில் உள்ளது போன்ற பயிற்சிப் பள்ளிகள். காலையில் கவாத்து, பிறகு சட்டம், துப்பாக்கி, தடயம், முதலுதவி என்று பாடங்கள் நடக்கின்றன. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பழைய இந்தியப் பீனல் கோடு போய்ப் புதிய நியாய சம்ஹிதை வந்துவிட்டபடியால், சட்டப் புத்தகத்தையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. கைது செய்யும்போது என்ன செய்ய வேண்டும், உறவினருக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று 1996-ல் பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விதித்த நிபந்தனைகளையும் கற்பிக்கிறார்கள்.

இவற்றைத் தவிர, எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத ஒரு பாடம் உண்டு. பயிற்சி முடிந்து முதல் ஸ்டேஷனுக்குப் போகும் இளைஞரிடம், அங்கே பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர், "தம்பி, அங்கே படிச்சதை எல்லாம் அங்கேயே விட்டுட்டு வா. இங்கே வேலை நடக்கிற விதம் வேறே" என்று சொல்லும் பாடம் அது. ஓராண்டு கற்ற கல்வியை ஒரு மாதத்தில் அழித்துவிடும் சக்தி அதற்கு உண்டு. சொல்லுகிறவரை மாத்திரம் குறை கூறுவது நியாயமன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் சிறப்பு சப் இன்ஸ்பெக்டர் என்ற நிலைக்கு வந்தவர் அவர். அத்தனை காலமும் அவரை ஒருவரும் புத்தியுள்ளவராக மதித்ததில்லை. பந்தோபஸ்துக்கு நிற்க வைத்தார்கள். அதிகாரி வீட்டு வேலை செய்ய வைத்தார்கள். பிரேஸர் கமிஷன் இலாகாவைப் பிளந்ததன் பலன் இதுதான். கீழே இருப்பவரை மனிதராக நடத்தாத இலாகா, அவர் ஜனங்களை மனிதராக நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி? 2021-ல் போலீஸாருக்கு வார விடுமுறை தருமாறு உத்தரவு பிறந்தது. நல்ல உத்தரவு. அது காகிதத்தில் இருப்பது வேறு, ஸ்டேஷனில் கிடைப்பது வேறு என்பதைப் போலீஸ் குடும்பத்தார் அறிவார்கள்.

ஆகவே புதிய பட்டதாரிகளை நல்ல ஸ்டேஷனுக்கு, நல்ல மூத்தவரின் கீழ் முதலில் அனுப்புவது பயிற்சியின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். அதைப் போலவே, கான்ஸ்டேபிளாகச் சேர்ந்து பட்டமும் வைத்திருப்பவருக்கு மேலே செல்லும் வழி அகலமாக இருக்க வேண்டும். சப் இன்ஸ்பெக்டர் இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே இலாகாவில் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. இந்தப் பங்கின் மதிப்பை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை.

* * *

கோயமுத்தூரைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு துக்கத்தை மறைத்துவிட்டுப் போவது யோக்கியமாகாது. 1997 நவம்பர் 29-ந் தேதி உக்கடம் பகுதியில் போக்குவரத்துக் கான்ஸ்டேபிள் ஒருவர் கொலையுண்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிப் பிரயோகத்திலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். 1998 பிப்ரவரி 14-ந் தேதி நகரமெங்கும் வெடித்த குண்டுகளுக்கு 58 பேர் பலியானார்கள். ஒரு கொலைக்கு ஒரு சமூகம் முழுவதையும் பொறுப்பாக்கியதும், அதற்குப் பழி வாங்குவதாகச் சொல்லி ஒன்றுமறியாதவர்களைக் கொன்றதும் ஒன்றுக்கொன்று நியாயம் ஆகமாட்டா. போலீஸ் என்றால் எதிர்க்கட்சி என்று ஒரு தெரு நம்புகிற நிலையும், ஒரு தெரு முழுவதும் சந்தேகத்துக்குரியது என்று போலீஸ் நம்புகிற நிலையும் ஏற்பட்டுவிட்டால், எந்த ஊரும் பிழைக்காது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

2022 அக்டோபர் 23-ந் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், கோட்டை ஈசுவரன் கோயில் முன்பு ஒரு கார் வெடித்தது. அப்போது நகரம் அமைதி காத்தது. ஜமாத்தைச் சேர்ந்த பெரியவர்கள் கோயிலுக்கே சென்று அங்குள்ளவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளில் ஊர் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறது. அதே மாதத்தில் கோயமுத்தூர்ப் போலீஸார் 'போலீஸ் அக்கா' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மகளிர் போலீஸார் கலாசாலைகளுக்குச் சென்று மாணவிகளின் குறைகளைத் தனியாகக் கேட்கிறார்கள். சட்டத்தின் பெயரால் ஒருவரை "அக்கா" என்று அழைக்க முடிவது சிறிய மாறுதல் அன்று.

வெளி உலகத்திலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் ஜனத்தொகையில் பெரும் பகுதியாக இருந்தும், போலீஸில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவிலேயே இருந்தார்கள். அந்தப் போலீஸை அவர்கள் தங்களுடையதாகக் கருதவில்லை. 1999-ல் பேட்டன் கமிஷன் சொன்ன யோசனைப்படி, 2001 முதல் 2011 வரை புதிதாக எடுப்பவர்களில் கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்று எடுத்தார்கள். பத்தாண்டில் கத்தோலிக்கர் பங்கு முப்பது சதவீதத்தை எட்டியது. அதோடு நிற்காமல் இலாகாவின் பெயரை மாற்றினார்கள், சின்னத்தை மாற்றினார்கள், புகார்களை விசாரிக்கத் தனி அதிகாரியை வைத்தார்கள். ஆளையும் மாற்ற வேண்டும், வீட்டையும் மாற்ற வேண்டும் என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

* * *

இனி மஞ்சள் மண்டி நண்பருக்கு நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

"ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்?" என்று கேட்டீர்கள். அந்த நாலு பேரும் போலீஸைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து குறை கூறுகிறவர்களே. லஞ்சம் என்பார்கள், அடி உதை என்பார்கள், ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஆனால் தங்கள் பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பச் சொன்னால், "நம்ம குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்பார்கள். அது எப்படி? நல்லவர்கள் எல்லாரும் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஸ்டேஷனில் மாத்திரம் நல்லவர்கள் இருக்க வேண்டும் என்றால் அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? நாடு முழுவதும் போலீஸில் பெண்கள் சுமார் எட்டில் ஒரு பங்குதான் இருக்கிறார்கள். அந்த எண் உயர வேண்டுமானால், யாரோ ஒருவருடைய மகள் போக வேண்டும். அது ஏன் உங்கள் மகளாக இருக்கக் கூடாது?

வேலை சுலபமானது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். தீபாவளியன்று மற்றவர் வீட்டில் விளக்கெரியும்போது அவள் கடைவீதியில் நிற்பாள். மாற்றல் உத்தரவு கல்யாணப் பேச்சுக்காகக் காத்திராது. மனசுக்கு ஒவ்வாத உத்தரவும் ஒரு நாள் வரும். அன்று சட்டத்தின் பக்கம் நிற்பதா, மேலதிகாரியின் பக்கம் நிற்பதா என்று அவள் தனியாக முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த நாளுக்கு வேண்டிய பயிற்சி ஊனமாஞ்சேரியில் மாத்திரம் கிடைக்காது. அதில் ஒரு பகுதியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், கொடுத்துமிருப்பீர்கள். மண்டியில் எடை போடும்போது தராசைப் பிடித்த உங்கள் கையைச் சிறு வயது முதல் அவள் பார்த்துக்கொண்டுதானே வளர்ந்திருக்கிறாள்?

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, நூற்பாலை விடுதியிலிருந்து ஒரு பெண்ணோ, மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு முதியவளோ ஸ்டேஷன் வாசலில் தயங்கி நிற்பாள். உள்ளே இருப்பவர், "என்னடி?" என்று கேட்கப் போகிறாரா, "வாங்கம்மா, உட்காருங்க" என்று சொல்லப் போகிறாரா? இலாகாவின் யோக்கியதை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. அந்த நாற்காலியில் உங்கள் மகள் இருந்தால் எந்தச் சொல் வரும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒரு சமாசாரம். சப் இன்ஸ்பெக்டர் பரீட்சை விண்ணப்பத்துக்குத் தகப்பனாரின் சம்மதக் கையெழுத்துத் தேவையில்லை. அந்தப் பெண் உங்களிடம் கேட்டது ஆசீர்வாதம் மாத்திரமே. அதைக் கொடுத்துவிட்டு, விடியற்காலையில் ஓடிப் பழக ஒரு நல்ல ஜோடியும் வாங்கிக் கொடுங்கள். 400 மீட்டர், இரண்டரை நிமிஷம் என்பதை மறந்துவிட வேண்டாம்.